பாக்கெட்டில் இருக்கிற 407 எங்கம்மா வளர்த்த பாசி: உணவில் வாயில் நுழையாத பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கடல்பாசி எடுத்தவர். நான் வேதியியல் படித்துவிட்டு, மீனும் இறாலும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். "பாக்கெட்டுக்குப் பின்னால ஏதோ நம்பர் போட்டிருக்கே, சாப்பிடலாமா?" என்று சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்களும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன்.

407 விஷம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். ஒருநாள் சாயங்காலம் தங்கச்சி மகன் திண்ணையில் உட்கார்ந்து சாக்லேட் பால் குடித்துக்கொண்டிருந்தான். அம்மா போனைப் பார்த்தார், எழுந்து வந்தார், பாட்டிலை அவன் கையிலிருந்து பிடுங்கி மணலில் கவிழ்த்துவிட்டார். "407 போட்டிருக்கு. பிளாஸ்டிக்காம். குடலை அரிச்சிடுமாம்." பையன் அழ ஆரம்பித்தான். பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். ஸ்டெபிலைசர், ஐ.என்.எஸ். 407 என்று பொடி எழுத்தில் இருந்தது.

407 என்பது கேரஜீனன். அது கடல்பாசியிலிருந்து எடுப்பது. எந்தப் பாசி? காப்பாஃபைகஸ். நம் கரையில் அதற்குப் பெப்சி பாசி என்று பெயர், ஏனென்றால் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் அதை இங்கே வளர்க்கச் சொல்லிக்கொடுத்து வாங்கியது அந்தக் கம்பெனி. அம்மாவும் அதைக் கட்டியவர். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, கயிற்றில் விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்து, கடலில் மிதக்க விட்டு, 45 நாள் கழித்து அறுத்துக் கரையில் காயப்போட வேண்டும். அந்தக் காய்ந்த பாசியைக் கழுவி, காரக் (ஆல்கலி) கரைசலில் வேகவைத்து, வடிகட்டி, கரைந்து வந்ததைப் பிரித்தெடுத்து உலர்த்திப் பொடியாக்கினால் அதுதான் 407. பாலில் கோகோ தூள் அடியில் தங்கிவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை.

"அம்மா, இது நீ கட்டுன பாசிதான்" என்றேன். அம்மா நம்பவில்லை. "நான் கட்டுனது பாசி. இது கெமிக்கல்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையெல்லாம் உப்பில் வெந்து வளர்த்த பொருள், ஒரு எண்ணைப் போட்டதும் வளர்த்தவருக்கே விஷமாகிவிட்டது.

அப்படியானால் கேரஜீனன் பற்றிச் சந்தேகமே கிடையாதா?

இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கேரஜீனனைக் கடும் அமிலத்தில், அதிகச் சூட்டில் உடைத்தால் பாலிஜீனன் என்று வேறொரு பொருள் வரும். விலங்குச் சோதனைகளில் குடலைப் புண்ணாக்கியது அது. உணவில் சேர்க்க அதற்கு அனுமதி இல்லை. உணவில் சேர்க்கிற கேரஜீனன் வயிற்றுக்குள் போய் அப்படி உடையுமா என்பதுதான் விவாதம். 2016 நவம்பரில் அமெரிக்காவின் இயற்கை வேளாண் தர வாரியம் இயற்கை உணவில் சேர்க்கலாம் என்ற பட்டியலிலிருந்து அதை நீக்கச் சொல்லி வாக்களித்தது. அந்நாட்டு வேளாண் துறை 2018-இல் அதை ஏற்காமல் பட்டியலிலேயே வைத்தது. அதே 2018-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 75 மில்லிகிராம் வரை என்று தற்காலிக அளவு வைத்து, கூடுதல் ஆய்வு கேட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அந்த வரம்பு 1,125 மில்லிகிராம். 200 மில்லி சாக்லேட் பாலில் பொதுவாக 100 மில்லிகிராம்கூட இருக்காது. குடல் புண், குடல் அழற்சி என்று ஏற்கெனவே மருத்துவம் பார்க்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டு இதைத் தவிர்த்தால் அதில் தப்பில்லை. என் தங்கச்சி மகனைப் பொறுத்தவரை அந்தப் பாட்டிலில் எனக்குக் கவலை தந்தது அதே பொடி எழுத்தில் இருந்த சர்க்கரை அளவு.

பெயரைச் சொல்லாமல் எண் போடுவது எதையோ மறைக்கத்தானே?

நேர் எதிர். ஒரே பொருளுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர் இருந்தால் சோதிப்பவர் திணறிப்போவார். அதனால் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1989-இல் இந்த எண் முறையை ஏற்றது. ஐ.என்.எஸ். என்பது அதுதான். ஐரோப்பாவில் அதே எண்ணுக்கு முன்னால் ஈ என்று போடுவார்கள். எண் மட்டுமே அனுமதி ஆகிவிடாது, ஆனால் எண் இருந்தால் அது என்ன பொருள் என்று யாரும் தேடிப் பார்த்துவிடலாம். பயப்பட வேண்டியது எண்ணே இல்லாமல் உள்ளே வருவதற்கு. அதைக் கீழே சொல்கிறேன்.

வாயில் நுழையாத பெயர் இருந்தால் சாப்பிடாதே என்கிறார்களே?

நம் வீட்டு மீன்குழம்பை எடுத்துக்கொள்வோம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எண் 334. மஞ்சளின் நிறம் குர்குமின், எண் 100. சின்ன வெங்காயம் உரிக்கும்போது கண்ணைக் கரிக்கிறதே, அந்த ஆவிக்குப் பெயர் சின்-புரோப்பேன்தயால்-எஸ்-ஆக்சைடு. இதை ஒரு பாக்கெட்டில் அச்சடித்தால் யாராவது வாங்குவார்களா? நெல்லிக்காயின் வைட்டமின் சி-க்கு அஸ்கார்பிக் அமிலம், எண் 300. ரிபோஃபிளேவின் என்பது வைட்டமின் பி2, எண் 101.

பதநீரைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் பனை ஏறுகிறவர் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார். தடவாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். அந்தச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு, எண் 526. பதநீர் கெடாமல் தடுப்பதால் அது ஒரு பதப்படுத்தும் பொருள். ஏடு எழுதத் தெரியாத காலத்திலிருந்து நம் ஆட்கள் 526 போட்டுத்தான் பதநீர் இறக்கினார்கள். நான் இதைச் சொன்னபோது என் பெரியப்பா கோபப்பட்டார், அது சுண்ணாம்புப்பா என்று. ஆமாம், சுண்ணாம்புதான்.

1997-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நேதன் சோனர் என்ற 14 வயதுப் பையன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒன்று செய்தான். டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்ற பொருளை மூக்கில் இழுத்தால் உயிர் போகும், ஆவியாகப் பட்டால் தோல் வெந்துபோகும், அமில மழையில் இருக்கிறது, புற்றுக் கட்டிகளுக்குள்ளும் காணப்படுகிறது என்று எழுதி, தடை செய்யலாமா என்று 50 மாணவர்களிடம் கேட்டான். 43 பேர் தடை செய் என்றார்கள். அந்தப் பொருள் தண்ணீர். அவன் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. வாட்ஸ்அப்பில் நமக்கு வருவதும் பல நேரம் இப்படித்தான் வருகிறது: ஒவ்வொரு வரியும் மெய்யாக இருக்கும், சேர்த்துப் படித்தால் பொய்யாக இருக்கும்.

பாக்கெட் உப்பில் சயனைடு இருக்கிறதாமே? வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பே வாங்கலாமா?

பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு, எண் 536. பெயரில் சயனைடு இருப்பதால் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வார்த்தை நமக்கு வேறு எதையோ நினைவூட்டுகிறது. முதலில் அதை ஏன் போடுகிறார்கள் என்று பார்ப்போம். கடற்கரை வீட்டில் உப்புச்சாடி கசியும், கட்டிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். உப்புப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக இருக்க இந்தப் பொருள் உதவுகிறது.

இதில் சயனைடு பகுதிகள் ஆறும் ஒரு இரும்பு அணுவை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். நம் வயிற்றில் இருக்கிற அமிலத்துக்கு அந்தப் பிடியைப் பிரிக்கிற பலம் இல்லை. ஃபெர்ரோசயனைடு இரும்போடு சேர்ந்தால் பிரஷ்யன் நீலம் என்ற நிறமி கிடைக்கும். தாலியம் என்ற விஷம் உடலுக்குள் போனவர்களுக்கு அந்த நீலத்தையே மாத்திரையாகக் கொடுத்து விஷத்தை வெளியே எடுக்கிறார்கள். வைட்டமின் பி12 மாத்திரையின் பெயரையும் பாருங்கள்: சயனோகோபாலமின். அதிலும் அதே வார்த்தை உட்கார்ந்திருக்கிறது.

அளவு? இந்தியாவில் ஒரு கிலோ உப்பில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 10 கிராம் உப்பு தின்றாலும் 0.1 மில்லிகிராம்தான் உள்ளே போகும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் கூட்டாக வைத்திருக்கிற நிபுணர் குழு சொல்லும் வரம்பு, 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 1.5 மில்லிகிராம். பதினைந்தில் ஒரு பங்கைத்தான் தொடுகிறோம். ஆனால் அந்த 10 கிராம் உப்பு? உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்போடு வாழ்கிற கரை நம்முடையது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடாத வீடு எங்கள் தெருவில் குறைவு. உப்புப் பாக்கெட்டில் நம்மைப் படுக்க வைக்கக்கூடியது உப்புதான்.

கல்லுப்பை ருசிக்காக வாங்குங்கள், எனக்கும் பிடிக்கும். அதுவும் சோடியம் குளோரைடுதான். பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் இறங்கும், அப்புறம்தான் உப்பு விளையும், மக்னீசியம் மிச்சத் தண்ணீரில் நிற்கும். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் இந்த வேதியியலை, தண்ணீரின் அடர்த்தியை டிகிரி கணக்கில் பார்த்து, கையால் செய்கிறார்கள்.

நாம் கடலோரத்தில்தானே இருக்கிறோம், அயோடின் தனியாக எதற்கு?

கடல்நீரிலிருந்து விளைகிற உப்பில் அயோடின் மிகக் கொஞ்சம்தான் தங்கும். கரையில் வாழ்வதால் அது தானாக வந்துவிடாது. உப்பில் கலப்பது பொட்டாசியம் அயோடேட். ஈரக்காற்றிலும் எளிதில் வீணாகாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வயிற்றில் பிள்ளை வைத்திருக்கிற பெண்ணுக்கு அயோடின் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். கல்லுப்பு மட்டுமே வாங்குகிறவர்கள் அயோடின் கலந்த கல்லுப்பா என்று பார்த்து வாங்குங்கள், அதுவும் கடையில் கிடைக்கிறது.

330 புற்றுநோய் தருமா?

330 எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலம். இந்த வதந்திக்கு ஐம்பது வயசு. 1976-இல் பிரான்சில் ஒரு துண்டறிக்கை சுற்றியது. வில்ஜுயிஃப் என்ற ஊரிலுள்ள புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையின் பெயரைப் போட்டு, எண்கள் போட்ட பொருட்களைப் பட்டியலிட்டு, எல்லாவற்றிலும் கொடியது 330 என்றது. மருத்துவமனை நாங்கள் வெளியிடவில்லை என்று மறுத்தது. ஆனாலும் கை மாறி கை மாறி, பல மொழிக்குப் போய், இன்று நம் போனுக்கும் வந்துவிட்டது.

ஏன் 330-ஐப் பிடித்தார்கள் என்பதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். நம் உடம்பின் செல்கள் சத்தை எரித்து சக்தி எடுக்கும் சுழற்சிக்கு சிட்ரிக் அமிலச் சுழற்சி என்று பெயர். 1937-இல் அதைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ், அதற்காக 1953-இல் நோபல் பரிசு வாங்கினார். அதனால் கிரெப்ஸ் சுழற்சி என்றும் சொல்வார்கள். ஜெர்மன் மொழியில் கிரெப்ஸ் என்றால் நண்டு. புற்றுநோய்க்கும் அதே வார்த்தைதான். ஒரு மனிதரின் குடும்பப் பெயர் நோயின் பெயராகப் படிக்கப்பட்டிருக்கிறது. நண்டு பிடிக்கப் போகிற நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் உடனே புரிகிறது.

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா (அக்கா) கேட்டது: "இந்த ஈ நம்பர் எல்லாம் பன்றிக் கொழுப்பாமே? பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கவே பயமா இருக்கு."

லாத்தா, உங்கள் கேள்வி வேறு கேள்வி. இது உடம்புக்குக் கெடுதலா என்பது பற்றியதல்ல, மார்க்கத்துக்கு ஆகுமா என்பது. அதை அலட்சியமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எல்லா எண்ணும் பன்றிக் கொழுப்பு என்பது பொய். எலுமிச்சை, மஞ்சள், பாசிக்குக்கூட எண் இருப்பதை மேலே பார்த்தோம். ஆனால் சில எண்களில் சந்தேகத்துக்கு இடம் உண்டு. உதாரணம் 471, கொழுப்பமிலங்களின் மோனோ, டை கிளிசரைடுகள். பாமாயிலிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம், எண் ஒன்றுதான். இந்தியாவில் விற்கிற பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் பால், தேன் போன்றவை தவிர விலங்கிலிருந்து எடுத்த எதுவும் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். பச்சைப் புள்ளி போட்ட பிஸ்கட்டில் 471 இருந்தால் அது தாவர எண்ணெயிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பெட்டியில் வருகிற மிட்டாயில் பச்சைப் புள்ளி இருக்காது. அதில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள், அது எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது.

நோன்பு திறக்க வைக்கிற கடல்பாசியில் கெமிக்கல் உண்டா?

கடல்பாசி, கடையில் சைனா கிராஸ் என்று கேட்பது, அதுதான் அகார், எண் 406. நம் கரையில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுப்பது இதற்காகத்தான். கைவிரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்கி, பாறையிலிருந்து பறித்து இடுப்பில் கட்டிய பையில் போடுவார்கள். அம்மாவின் விரல் நுனிகளில் இன்றைக்கும் ரேகை சரியாகத் தெரியாது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மெஷின் அவரை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டதே இல்லை.

என் வேலையும் இதே அகாரோடுதான். இறாலில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, அகாரைக் கொதிக்க வைத்து, கன்னம் தாங்குகிற சூட்டுக்கு ஆறியதும் கண்ணாடித் தட்டில் ஊற்றுவேன். சற்று நேரத்தில் உறைந்துவிடும், திரும்ப இளக வேண்டுமானால் 85 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். நம் வெயிலிலும் கீழக்கரை வீடுகளில் ஃபிரிட்ஜ் இல்லாமலே கடல்பாசி தட்டில் வெட்டுத்துண்டாக நிற்பது இதனால்தான். ஆய்வகத்துக்கு இதைக் கொண்டுவந்தது ஒரு பெண்ணின் சமையல்கட்டு. 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே, கணவரின் ஆய்வகத்தில் ஜெலட்டின் வெயிலுக்கு உருகிப் போவதைப் பார்த்து, நான் இனிப்பு செய்யும் அகாரைப் போட்டுப் பாருங்கள் என்றார். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்கு அது அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

அஜினமோட்டோ?

மோனோ சோடியம் குளூட்டமேட், எண் 621. இதுவும் பாசியில் தொடங்கிய கதை. 1908-இல் டோக்கியோவில் கிகுனே இக்கேடா, கொம்பு என்ற கடல்பாசி போட்ட ரசத்தின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடி குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். பழுத்த தக்காளியில், இறாலில், கருவாட்டில், தாய்ப்பாலிலும் குளூட்டமேட் இருக்கிறது. 1968-இல் ஒரு டாக்டர், சீன ஹோட்டலில் சாப்பிட்டால் தனக்குக் கழுத்து மரத்துப்போவதாக மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார், காரணம் இதுவாக இருக்கலாம் என்று சிலவற்றை ஊகித்தார். அவற்றில் ஒன்றான அஜினமோட்டோவின் மேல் விழுந்த சந்தேகம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. எது கொடுக்கப்பட்டது என்று கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் தெரியாமல் செய்த சோதனைகளில் அந்த உபத்திரவம் சீராகத் தெரியவில்லை. வெறும் வயிற்றில் 3 கிராமுக்கு மேல் சாப்பிட்டால் சிலருக்குத் தலைவலி, படபடப்பு வரலாம், அதற்கு மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று நம் சட்டம் சொல்கிறது.

இயற்கையானது என்றால் பயமில்லைதானே?

பேத்தை மீனைக் கேளுங்கள். வலையில் வந்தால் ஊதிக்கொண்டு கிடக்கும் அதை நம் ஆட்கள் ஏன் தூக்கி எறிகிறார்கள்? டெட்ரோடோடாக்சின். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, மனிதனின் மூச்சை நிறுத்திவிடும். நூற்றுக்கு நூறு இயற்கை. மரவள்ளிக்கிழங்கிலும் மெய்யான சயனைடு சுரக்கும், அதனால்தான் மூடியைத் திறந்து வைத்து வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள் நம் அப்பத்தாக்கள்.

சரி, அப்படியானால் எதற்குத்தான் பயப்படுவது?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதலில், ஐஸ் இல்லாத மீன். சூரை, கும்புளா, சாளை மாதிரி கருஞ்சதை மீனில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. வெயிலில் சும்மா கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்புறம் பொரித்தாலும் போகாது, குழம்பு வைத்தாலும் போகாது, ஃபிரீசரில் வைத்தாலும் போகாது. என் மாமா ஒருமுறை மத்தியானம் வரை கூடையில் கிடந்த சூரையை மலிவாக வாங்கி வந்து சாப்பிட்டார். கை கழுவி உட்கார்ந்த அரைமணி நேரத்தில் முகமும் மார்பும் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலி. மீன் அலர்ஜி என்று நினைத்து ஒரு வருடம் மீனே தொடவில்லை. அந்த மீனில் எந்த எண்ணும் ஒட்டியிருக்கவில்லை. கை வைத்தால் சில்லென்று இருக்கிற மீனை வாங்குங்கள்.

அடுத்து ஃபார்மலின், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைந்த தண்ணீர். 2018-இல் கேரளத்தில் சோதனைச்சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டது நினைவிருக்கும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதிப்படுத்தியது, இதில் பயம் நியாயமானது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. செத்த மீனில் இயல்பாகவே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு உண்டாகும், தும்பிலி போன்ற மீனில் கூடுதலாக. அதனால் சோதனையில் சுழியம் வரவில்லை என்பதாலேயே ஒரு மீன்காரம்மாவின் கூடையைக் கொட்டிவிடக் கூடாது, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்குச் சோதனைத் தாள் செய்திருக்கிறது.

இறால் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. தலைப்பக்கம் கருப்பதைத் தடுக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் முக்குவார்கள், எண் 223. கருப்பு அழுகல் அல்ல, நறுக்கிய கத்தரிக்காய் கருப்பது போலத்தான். பச்சை இறாலில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான் சல்ஃபைட் இருக்கலாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பாக்கெட்டில் சொல்லியாக வேண்டும். வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் தேட வேண்டிய வார்த்தை இது.

அப்புறம் பஞ்சுமிட்டாய். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. உணவுக்கான எண் அதற்குக் கிடையவே கிடையாது. சந்தனக்கூட்டிலும் தேர்த்திருவிழாவிலும் கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறத்தில் பிள்ளைகள் கேட்பார்கள். வெள்ளையாக இருப்பதை வாங்கிக் கொடுங்கள்.

சட்டமே அனுமதித்த பொருள் பின்னால் கெட்டது என்று தெரிந்ததே இல்லையா?

உண்டு. ரொட்டி மாவில் போட்டுவந்த பொட்டாசியம் புரோமேட்டை, புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்று 1999-இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. இந்தியாவில் தடை வந்தது 2016-இல், அதுவும் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ரொட்டிகளைச் சோதித்து வெளியிட்ட பிறகு. அந்தத் தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதைத் தடுத்தவர்கள் பெயரைப் பார்த்து அலறவில்லை. கடையில் வாங்கி, அளந்து, கணக்கோடு கேட்டார்கள்.

பாக்கெட்டில் எதைப் படிப்பது?

எடையில் கூடியது முதலில் வரும். முதல் மூன்று பெயரில் சர்க்கரையோ எண்ணெயோ இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள். அலர்ஜி வரியைப் படியுங்கள், தேதியைப் பாருங்கள், 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பொருளையும் பில்லையும் எடுத்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போங்கள்.

உங்கள் அம்மா இப்போது என்ன சொல்கிறார்?

வீட்டுப் பரணில் பழைய பெப்சி பாசி ஒரு சாக்கு மிச்சம் கிடந்தது. ஒரு கைப்பிடி எடுத்து உப்புப் போகக் கழுவி, ராத்திரி ஊறவைத்து, காலையில் அம்மாவையே வேகவைக்கச் சொன்னேன். கொழகொழவென்று கரைந்தது. துணியில் வடிகட்டி, கோகோ போட்ட சுடுபாலில் இரண்டு கரண்டி ஊற்றிக் கலக்கி ஆறவைத்தோம். அரைமணியில் பால் கெட்டிப்பட்டது, தூள் அடியில் தங்கவில்லை. அம்மா விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "பாசி வாடை அடிக்குது" என்றார். அந்த வாடை போகத்தான் கம்பெனியில் அத்தனை தடவை கழுவுகிறார்கள் என்றேன்.

காலி பாட்டிலை எடுத்து அந்தப் பொடி எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "இந்தப் பவுடரைக் கிலோ என்ன விலைக்கு விக்கிறானுங்க? நம்மகிட்ட என்ன விலைக்கு எடுத்தானுங்க?"